சாப்பிடாத லஞ்சுக்கு அரைமணி சம்பளம் பிடிக்கலாமா? கலிஃபோர்னியா நிலவரம்

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவர் கலிஃபோர்னியாவில், பே ஏரியா பக்கம், ஓர் இந்திய மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார். காலை 8:30 முதல் மாலை 5 மணி வரை, வாரம் 5 நாள், மணிக்கு 20 டாலர். தினமும் லஞ்ச் என்று அரைமணி நேரத்தைக் கழித்துவிட்டு 8 மணி நேரத்துக்குத்தான் சம்பளம் வருகிறது. ஆனால் லஞ்சுக்கென்று எழுந்து போன நாள் ஒன்றுகூட இல்லை. கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து நாலு வாய் சாப்பிடுவதற்குள் பில் போட ஆள் வந்து நிற்கிறார். முதலாளியிடம் கேட்டதற்கு, "அமெரிக்கச் சட்டத்தில் லஞ்ச் பிரேக் என்று ஒன்றே கிடையாது, நானாகத்தான் கொடுக்கிறேன்" என்றிருக்கிறார். டெக்சாஸில் இருக்கும் அக்காவும், "இங்கேயும் அப்படித்தான், பேசாமல் இரு" என்று சொல்லிவிட்டார். யார் சொல்வது சரி?

உங்கள் அக்கா டெக்சாஸைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் சரி. உங்கள் முதலாளி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் அந்தப் பாதி உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் சொல்லும் விவரம் அப்படியே இருந்தால் கடைக்காரர் உங்களுக்குத் தினமும் பணம் பாக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், அதுவும் சின்னத் தொகை இல்லை. நான் வழக்கறிஞன் அல்ல. கலிஃபோர்னியாவில் சிறு கடைகளுக்கும் உணவகங்களுக்கும் சம்பளக் கணக்குப் போடும் வேலையில் பல வருடம் இருந்தவன். இந்த அரைமணிப் பிடித்தத்தை அவ்வளவு கடைகளில் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாதி உண்மை. ஃபெடரல் அளவில் வேலை நேரத்தையும் குறைந்தபட்சக் கூலியையும் கட்டுப்படுத்தும் சட்டம் 1938ல் வந்தது. பெரியவர்களுக்கு உணவு இடைவேளை கொடுத்தே ஆகவேண்டும் என்று அதில் எங்குமே இல்லை. அதனால் அந்தப் பொறுப்பு மாநிலங்களிடம் போய்விட்டது. ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் சட்டம் போட்டது, பல மாநிலங்கள் போடவே இல்லை. பெரியவர்களுக்கு உணவு இடைவேளையைக் கட்டாயமாக்கிய மாநிலங்கள் ஏறத்தாழ 20தான். டெக்சாஸில் அப்படிச் சட்டம் இல்லை. ஜார்ஜியாவிலும் இல்லை. நியூ ஜெர்சியிலும் ஃபுளோரிடாவிலும் 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மட்டும். நம்மவர்கள் அதிகம் இருக்கும் இடங்கள் பலவும் இந்தப் பட்டியலில்தான் வருகின்றன. "அமெரிக்காவில் லஞ்ச் பிரேக் சட்டம் இல்லை" என்ற பேச்சு நம்மவர்களிடையே இவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நியூ ஜெர்சியின் எடிசனிலும் டெக்சாஸின் டாலஸிலும் நிஜமாகவே உண்மையான ஒன்று, வாட்ஸ்அப் வழியாகக் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே வரைக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது.

ஆனால் இடைவேளை கொடுக்கச் சொல்லாத ஃபெடரல் விதிகூட, கொடுக்காத இடைவேளைக்குச் சம்பளம் பிடிக்க அனுமதிக்கவில்லை. அந்த விதிமுறைகளில் 785.18, 785.19 என்று அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் உண்டு. 5 முதல் 20 நிமிடம் வரையிலான குட்டி இடைவேளைகள் வேலை நேரம், அதற்குச் சம்பளம் உண்டு என்கிறது முதலாவது. உணவு நேரம் என்று சொல்லிச் சம்பளம் பிடிக்கவேண்டுமானால் பொதுவாக 30 நிமிடமாவது இருக்கவேண்டும், அந்த நேரத்தில் தொழிலாளி வேலையிலிருந்து முழுக்க விடுபட்டிருக்கவேண்டும் என்கிறது இரண்டாவது. உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள்: மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று சொல்லப்பட்ட அலுவலக ஊழியர் சாப்பிடும்போதும் வேலையில்தான் இருக்கிறார், இயந்திரத்தருகே நிற்கவேண்டிய ஆலைத் தொழிலாளியும் அப்படியே. கவுண்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் நீங்களும் அதே நிலையில்தான் இருக்கிறீர்கள். ஆகவே உங்கள் அக்காவுக்கும் ஒரு வார்த்தை: டெக்சாஸில் இடைவேளை கேட்க மாநிலச் சட்டம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் சாப்பிட்டுக்கொண்டே வேலை பார்த்த அரைமணி அங்கேயும் வேலை நேரம்தான். அதையும் சேர்த்து வாரம் 40 மணி நேரம் தாண்டினால் ஓவர்டைம் கொடுக்கவேண்டும்.

இனி கலிஃபோர்னியா. இங்கே இந்த உரிமைக்கு நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு. 1913ல் மாநிலம் ஒரு தொழில்நல ஆணையத்தை அமைத்தது. முதலில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் மட்டும்தான் அது விதி போட்டது. உணவு இடைவேளை 1916லேயே அந்த ஆணைகளில் வந்துவிட்டது, குட்டி ஓய்வு 1932ல் வந்தது. பழப் பதனிடும் கூடங்களிலும் துணி வெளுக்கும் கூடங்களிலும் நாள் முழுக்க நின்ற பெண்களுக்காக எழுதப்பட்ட விதி, 1970களில் ஆண்களுக்கும் விரிந்தது. 1999ல் சட்டமன்றம் அதைத் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலேயே 512வது பிரிவாகச் சேர்த்தது.

512 சொல்வது இதுதான். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 30 நிமிட உணவு இடைவேளை தரவேண்டும். 10 மணி நேரத்துக்கு மேல் என்றால் இரண்டாவதாக இன்னொரு 30 நிமிடம். அது எப்போது தரப்படவேண்டும் என்பதில் பல வருடம் சண்டை நடந்து, பிரிங்கர் வழக்கில் 2012ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது: முதல் இடைவேளை ஐந்தாவது மணி முடிவதற்குள் தொடங்கிவிடவேண்டும். நீங்கள் 8:30க்கு வருகிறீர்கள். மதியம் 1:30க்குள் உங்கள் லஞ்ச் தொடங்கியிருக்கவேண்டும். "கூட்டம் குறையட்டும், இரண்டரை மணிக்குச் சாப்பிடு" என்று சொன்னால், அன்று முழு அரைமணி கொடுத்திருந்தாலும் விதி மீறப்பட்டதாகத்தான் கணக்கு.

அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது. இதுதான் முதலாளிகளின் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டும் பகுதி, நீங்களும் தெரிந்துகொள்ளவேண்டும். தொழிலாளி இடைவேளையில் வேலை பார்க்காமல் இருக்கிறாரா என்று முதலாளி பின்னாலேயே நின்று காவல் காக்கவேண்டியதில்லை. வேலையிலிருந்து முழுமையாக விடுவித்து, தன் கட்டுப்பாட்டை விட்டுக்கொடுத்து, இடையூறில்லாத 30 நிமிடம் எடுக்க நியாயமான வாய்ப்பும் கொடுத்து, அதைத் தடுக்காமல், எடுக்கவிடாதபடி நெருக்கடி தராமல் இருந்தால் அவர் கடமை முடிந்தது. அப்படிக் கொடுத்தபிறகு நீங்களாகவே, "இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வேலையில் உட்கார்ந்தால் இடைவேளைக்கான தண்டத்தொகை (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) கிடைக்காது. அந்த அரைமணி வேலை அவருக்குத் தெரிந்திருந்தால் அதற்கான கூலி மட்டும் கிடைக்கும். உங்கள் விஷயத்தில் கேள்வி இங்கேதான் வந்து நிற்கும்: உங்களை விடுவித்தார்களா, இல்லையா? கவுண்டரில் வேறு ஆள் இல்லை, நீங்கள் எழுந்து போனால் பில் போட ஆளில்லை என்றால், விடுவிக்கவில்லை என்றே பொருள். "போய்ச் சாப்பிடு" என்று வாயால் சொன்னது போதாது. கடையை விட்டு வெளியே போகவும் உங்களுக்கு உரிமை உண்டு. காரில் போய் உட்கார்ந்து அம்மாவோடு போன் பேசலாம், பக்கத்துப் பூங்காவில் நடக்கலாம். கடைக்குள்ளேயே இரு என்று கட்டளை போட்டால் அது உங்கள் நேரமாக இருப்பதில்லை, அதற்குச் சம்பளம் உண்டு.

இது தவிர 10 நிமிட ஓய்வு. பலருக்கும் இது தெரிவதே இல்லை. ஒவ்வொரு 4 மணி நேர வேலைக்கும், அல்லது அதில் பாதிக்கு மேல் போனாலும், 10 நிமிடம், சம்பளத்தோடு. மூன்றரை மணி நேரத்துக்குக் குறைவான வேலை நாளில் இது இல்லை. உங்களைப் போல 8 மணி நேரம் பார்ப்பவருக்கு நாளைக்கு இரண்டு: முடிந்தவரை காலைப் பாதியின் நடுவில் ஒன்று, மாலைப் பாதியின் நடுவில் ஒன்று. இதிலும் வேலைக் கட்டுப்பாடு இருக்கக்கூடாது. இடைவேளையிலும் வாக்கி டாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டால் ஓடவேண்டியிருந்த காவலாளிகள் தொடுத்த வழக்கில் 2016ல் உச்ச நீதிமன்றம் அது ஓய்வே இல்லை என்று சொல்லிவிட்டது. "லஞ்சோடு சேர்த்து 50 நிமிடமாக எடுத்துக்கொள்" என்று சொல்வதும் பொதுவாகச் செல்லாது.

பணக் கணக்குக்கு வருகிறேன். 2000ம் ஆண்டு வரைக்கும், இடைவேளை தராத முதலாளிக்குப் பணத்தால் எந்த வலியும் இல்லை; இனிமேல் செய்யாதே என்று நீதிமன்ற உத்தரவு வாங்கலாம், அவ்வளவே. விதி இருந்தும் ஊரெங்கும் மீறப்பட்டதால்தான் 226.7 என்ற பிரிவு வந்தது: உணவு இடைவேளை சரியாகத் தராத ஒவ்வொரு வேலை நாளுக்கும் ஒரு மணி நேரச் சம்பளம் கூடுதலாகத் தரவேண்டும். ஓய்வு இடைவேளை தராத நாளுக்கு இன்னொரு மணி நேரம். ஒரு நாளில் எத்தனை முறை மீறினாலும் இதற்கு ஒன்று, அதற்கு ஒன்று, அதிகபட்சம் இரண்டு. இந்தத் தொகையும் கூலிதான் என்று 2007ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால், மூன்று வருடம் பின்னோக்கிக் கேட்கலாம்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 8:30 முதல் 5 வரை எட்டரை மணி நேரம். லஞ்சிலும் வேலை பார்த்ததால் எட்டரையும் வேலை நேரம். கலிஃபோர்னியாவில் ஓவர்டைம் வாரக் கணக்கில் மட்டுமல்ல, நாள் கணக்கிலும் உண்டு. ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் பார்த்தால் ஒன்றரை மடங்கு. ஆக அந்த அரைமணிக்கு 15 டாலர். உணவு இடைவேளை தராததற்கு 20 டாலர். சேர்த்து நாளைக்கு 35, வாரத்துக்கு 175. வருடத்தில் 50 வாரம் என்று வைத்தால் 8,750 டாலர். ஓய்வு இடைவேளையும் கிடைக்கவில்லை என்றால் நாளைக்கு இன்னொரு 20 டாலர். "அரைமணிதானே" என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ளும் விஷயம், மூன்று வருடத்தில் 26,000 டாலரைத் தாண்டுகிறது. உங்களுக்கு விற்பனைக்கு ஏற்ற ஊக்கத்தொகை ஏதாவது நிலையாகக் கிடைத்தால், அந்த ஒரு மணி நேரச் சம்பளம் 20 டாலரில் நிற்காது. ஓவர்டைமுக்குப் போடுவதுபோல ஊக்கத்தொகையையும் சேர்த்துத்தான் மணிக் கணக்கு போடவேண்டும் என்று 2021ல் தீர்ப்பு வந்துவிட்டது.

இப்போது உங்கள் டைம் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். நான் சம்பளக் கணக்குப் பார்த்த நாட்களில் முதலில் கண்ணை ஓட்டுவது இந்த வரிசையில்தான். உள்ளே 8:30, லஞ்ச் 12:00, திரும்ப 12:30, வெளியே 5:00. மறுநாளும் 12:00, 12:30. அதற்கு மறுநாளும். மாதம் முழுக்க ஒரு நிமிடம்கூட மாறாமல். மனிதர்கள் யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை. 12:07க்குப் போய் 12:41க்கு வருவார்கள், ஒரு நாள் 1:10க்குப் போவார்கள். அச்சு அடித்ததுபோல ஒரே நேரம் வந்தால் அதை ஆள் பதியவில்லை, மென்பொருள் போட்டிருக்கிறது. சம்பள மென்பொருள்கள் பலவற்றில் "6 மணி நேரத்துக்கு மேல் என்றால் 30 நிமிடம் தானாகக் கழி" என்பதுபோல ஒரு பெட்டி இருக்கும், அதை டிக் செய்துவிட்டால் போதும். பல முதலாளிகள் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்வதில்லை. கணக்கர் அமைத்துக் கொடுத்ததை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் இங்கே மாநில ஆணைகளின்படி உணவு இடைவேளை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் பதிந்து வைப்பது முதலாளியின் கடமை. கடை முழுக்கவே அந்த நேரம் மூடிவிடுகிறது என்றால் மட்டும் விலக்கு.

இந்தப் பதிவு எவ்வளவு முக்கியம் என்பது 2021ல் வந்த டோனஹ்யூ வழக்கில் தெரிந்தது. அந்த நிறுவனத்தின் கருவி நேரத்தைப் பத்துப் பத்து நிமிடமாக முழுமையாக்கிப் பதிந்தது. ஒருவர் 11:02க்கு லஞ்சுக்குப் போய் 11:25க்குத் திரும்பினால், பதிவில் 11:00, 11:30 என்று இருக்கும். 23 நிமிடம் 30 ஆகிவிடும். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. உணவு இடைவேளையில் நேரத்தை முழுமையாக்கும் பேச்சே கூடாது என்றது. இன்னும் ஒரு படி மேலே போய், பதிவுகளில் இடைவேளை இல்லாமலோ, குறைவாகவோ, தாமதமாகவோ இருந்தால் விதி மீறப்பட்டது என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு என்றும் சொன்னது. உங்களுடையதுபோலப் பதிவில் 12:00, 12:30 என்று ஒழுங்காக இருக்கும் இடத்தில் அந்தச் சாதகம் தானாக வராது. அது பொய்ப் பதிவு என்று நீங்கள் காட்டவேண்டும். அதற்குத்தான் பில் போடும் இயந்திரம் இருக்கிறது. உங்கள் பெயரில், அல்லது உங்கள் லாகின் எண்ணில், 12:04க்கும் 12:11க்கும் 12:19க்கும் பில் விழுந்திருக்கும். லஞ்சில் இருந்த ஆள் பில் போட்டிருக்க முடியாது. இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

"நான் ஏதோ லஞ்ச் பேப்பரில் கையெழுத்துப் போட்டேனே" என்று நீங்கள் யோசிக்கலாம். வேலைக்குச் சேர்ந்த அன்று நீட்டும் காகிதக் கட்டுக்குள் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்யும். அதில் இரண்டு வகை. ஒன்று, லஞ்சையே வேண்டாம் என்று இருவரும் ஒப்புக்கொள்வது. அந்த நாளின் மொத்த வேலை 6 மணி நேரத்துக்குள் இருந்தால் மட்டுமே அது செல்லும். உங்களுடையது எட்டு மணி நேரத்துக்கு மேல், ஆகவே கையெழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இரண்டாவது வகை, வேலையில் இருந்துகொண்டே சாப்பிடுவதற்கான ஒப்பந்தம். வேலையின் தன்மையே விடுபட முடியாதபடி இருந்தால் இது செல்லும்: இரவு முழுக்கத் திறந்திருக்கும் கடையில் தனி ஆளாக நிற்பவர், ஒற்றை ஆள் நடத்தும் காபிப் பெட்டிக்கடை, ஊருக்கு வெளியே தன்னந்தனியாக நிற்கும் காவலாளி, இவர்களைத்தான் சம்பளப் புகார்களை விசாரிக்கும் மாநில லேபர் கமிஷனர் அலுவலகம் உதாரணமாகச் சொல்கிறது. அப்போதும் அது எழுத்தில் இருக்கவேண்டும், தொழிலாளி எப்போது வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம் என்று அதிலேயே சொல்லியிருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த அரைமணிக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். சம்பளத்தைப் பிடித்துக்கொண்டே இந்த ஒப்பந்தத்தைக் காட்டுவது நடக்காது. பட்டப்பகலில், பின்னால் சரக்கு அடுக்க ஆள் இருக்கும் மளிகைக் கடைக்கு இந்த விலக்கு பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

யாருக்கு இதெல்லாம் இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் ஐடி வேலையில் இருப்பீர்கள். மாநிலக் குறைந்தபட்சக் கூலியைப்போல இரண்டு மடங்காவது மாதச் சம்பளமாக வாங்கிக்கொண்டு, நிஜமாகவே நிர்வாகம், தொழில்முறை அறிவு சார்ந்த வேலைகளைப் பார்ப்பவர்களுக்கு இந்த இடைவேளை விதி பொருந்தாது. ஆனால் "மேனேஜர்" என்று பட்டம் கொடுத்துவிட்டு நாள் முழுக்க பில் போடவும் பெட்டி தூக்கவும் வைத்தால் பட்டம் எடுபடாது. வேலை நேரத்தில் பாதிக்கு மேல் என்ன வேலை பார்க்கிறார் என்பதுதான் பார்க்கப்படும். தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள கட்டடத் தொழிலாளிகள், வணிக வாகன ஓட்டுநர்கள், காவலாளிகள் சிலருக்கும், மருத்துவமனை ஊழியர்களுக்கும் தனி விதிகள் உண்டு.

விசா விஷயம். கடைகளில் வேலை பார்க்கும் நம் பெண்களில் பலர் கணவர் விசாவை ஒட்டி எச்-4 வேலை அனுமதியில் இருப்பவர்கள். ஏதாவது கேட்டால் அதற்குப் பாதிப்பு வருமோ என்ற பயம் பெரிது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக இருக்கிறது. கலிஃபோர்னியாவில் சம்பள உரிமைகளுக்கும் குடியேற்ற நிலைக்கும் தொடர்பில்லை என்று 1171.5வது பிரிவு சொல்கிறது. உரிமையைக் கேட்டதற்காகக் குடியேற்றத் துறையிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுவதே தனியொரு சட்டமீறல். கேட்ட 90 நாட்களுக்குள் வேலையை விட்டு நீக்கினாலோ மணி நேரத்தைக் குறைத்தாலோ அது பழிவாங்கல் என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். 2024 ஜனவரி முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வேலை அனுமதியே இல்லாமல் கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை பார்ப்பவர்களுக்கும் சம்பள உரிமை உண்டு. ஆனால் அவர்கள் எங்கேயும் விண்ணப்பம் போடுவதற்குமுன் ஒரு சட்ட உதவி அமைப்பிடம் பேசிவிடுவது நல்லது. சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் லீகல் எய்ட் அட் வொர்க் போன்றவை இலவசமாக ஆலோசனை சொல்கின்றன.

சட்டத்தைவிடக் கடினமானது இன்னொன்று. முதலாளி நம் ஊர்க்காரர். அவர் மனைவி உங்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வந்திருப்பார். பொங்கல் விழாவில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பீர்கள். "நம்மவர்களுக்குள்ளே சட்டம் பேசலாமா" என்று உங்களுக்கே தோன்றும். என் கருத்தைச் சொல்கிறேன்: பேசலாம், பேசவேண்டும். நம் ஊர்க்காரர் என்பதற்காக அவர் உங்களுக்குச் சலுகை எதுவும் தரவில்லை. உங்கள் உழைப்பின் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். பழகியவர் என்பதால் செய்யவேண்டியது, முதலில் நேரில் கேட்டுச் சரிசெய்ய அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பதுதான். நான் கணக்குப் பார்த்த கடைகளில் விவரம் சொன்ன உடனே மாற்றிக்கொண்ட முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். மாற்றுவதும் பெரிய காரியமில்லை: லஞ்சுக்குப் போகும்போதும் வரும்போதும் ஆளே பதியவேண்டும், அந்த அரைமணி முதலாளியோ இன்னொருவரோ கவுண்டரில் நிற்கவேண்டும், தவறிய நாளில் ஒரு மணி நேரச் சம்பளத்தை அந்த வாரமே பே ஸ்டப்பில் (சம்பளச் சீட்டில்) தனி வரியாகக் காட்டிக் கொடுத்துவிடவேண்டும். அப்படிச் செய்யும் கடைமேல் யாரும் வழக்குப் போடப்போவதில்லை.

கேட்பதற்கு முன் சில வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள். இன்றிலிருந்து ஒரு நோட்டில், கடையின் கணினியில் அல்ல, வந்த நேரம், போன நேரம், சாப்பிட உட்கார்ந்த நேரம், எப்போது எழுந்தீர்கள், ஏன் எழுந்தீர்கள் என்று அன்றன்றே எழுதுங்கள். உங்கள் சம்பளப் பதிவுகளின் நகலைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்ட 21 நாட்களுக்குள் தரவேண்டும், தராவிட்டால் 750 டாலர் தண்டம். முதலாளியிடம் நேரில் பேசியபின் அன்று மாலையே ஒரு மெசேஜாகவோ மெயிலாகவோ எழுதிவிடுங்கள். நீளம் வேண்டாம். "இன்று பேசியதுபோல, என் லஞ்ச் அரைமணியில் நான் கவுண்டரில்தான் இருக்கிறேன். இனி அந்த நேரத்துக்கு வேறு ஆளை நிறுத்தும்படியும், இதுவரை பிடித்ததைக் கணக்குப் பார்க்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்" என்று மரியாதையாக இரண்டு வரி போதும். மேலே சொன்ன 90 நாள் பாதுகாப்புக்கு இந்தத் தேதிதான் ஆதாரம்.

பதில் இல்லையென்றால் லேபர் கமிஷனரிடம் சம்பளக் கோரிக்கை போடலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, ஆன்லைனிலேயே போடலாம். முதலில் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். அங்கே முடியாவிட்டால் அதிகாரி முன் விசாரணை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும்: அந்த அலுவலகத்தில் கோரிக்கைகள் குவிந்து கிடக்கின்றன, முடிவு வர மாதங்கள் அல்ல, வருடக்கணக்கும் ஆகலாம். ஆனால் மூன்று வருடக் கெடு நீங்கள் விண்ணப்பம் போடும் தேதியிலிருந்துதான் பின்னோக்கி எண்ணப்படும். யோசித்துக்கொண்டே தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பழைய மாதம் ஒன்று கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

நடுவில் வேலையை விடுவதாக இருந்தால்: 72 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட்டுப் போனால் கடைசி நாளிலேயே மொத்தச் சம்பளமும் தரவேண்டும், சொல்லாமல் விட்டால் 72 மணி நேரத்துக்குள், அவர்களே நீக்கினால் அன்றே. வேண்டுமென்றே தராமல் இழுத்தால் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் சம்பளம், 30 நாள் வரை ஏறும். நாளைக்கு 8 மணி நேரச் சம்பளம் என்று வைத்தால் அது 4,800 டாலர் வரை. இடைவேளைப் பாக்கியும் இந்தக் கணக்கில் சேரும் என்று 2022ல் தீர்ப்பாகிவிட்டது. ஆனால் பாக்கி இல்லை என்று முதலாளி நியாயமான காரணத்தோடு நம்பியிருந்தால் இந்தத் தண்டம் விழாது. கடைசிச் சம்பளத்தோடு, "எனக்கு இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று ஒரு தாளை நீட்டலாம். வரவேண்டிய கூலியைக் கொடுக்காமல் அப்படி எழுதி வாங்கினால் அது செல்லாது என்று 206.5வது பிரிவு சொல்கிறது. அதே தாளில் கூடுதலாக ஒரு தொகை போட்டு, சமரசம் என்று எழுதியிருந்தால் நிலைமை வேறு. அதை வீட்டுக்கு எடுத்துப்போய், விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.